காற்றடைத்த பாயும் தீபா கர்மாகரின் இறங்கலும்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கரணம் கற்றுக்கொள்ள இந்தக் காற்றுப் பாய் அருமையான பொருள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் உயரத்திலிருந்து குதித்து இறங்கிப் பழகுவதற்கு இதை விரித்துப் போடாதீர்கள். விற்பவர்கள் இரண்டுக்கும் ஆகும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று விளக்க எனக்கு இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரின் கதை வேண்டும். இந்தப் பாயை வாங்கிய நாளிலிருந்து அவர் வாழ்க்கையை வைத்துத்தான் இதை நான் அளந்துகொண்டிருக்கிறேன். அதனால் பாயைப் பற்றியும் அவரைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. மாலை நாலரை மணிக்கு மேல் பதினான்கு பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தருகிறேன். பள்ளியில் அதற்கென்று தனிக் கூடம் கிடையாது. நீளம் தாண்டும் மணல் குழிதான் எங்கள் முதல் மெத்தை. மழை பெய்தால் மணல் இறுகிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். காலையில் மண்வெட்டியால் கிளறிவிட்டுத்தான் மாலையில் பிள்ளைகளை இறக்குவேன். அப்புறம் யாரோ கொடுத்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள் வந்தன. மூன்றே மாதத்தில் பஞ்சு மூலைக்கு மூலை ஒதுங்கி, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சியது. பின்கரணம் போடும் பிள்ளையின் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கித் தாங்கி என் வலது மணிக்கட்டு வீங்கிப்போன பிறகுதான், என் சம்பளத்தில் பாதிக்கும் மேல் போட்டு, இணையத்தில் இந்தப் பாயை வாங்கினேன். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனம்.

அது வந்த அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், தீபா அக்காவும் இதில்தான் பழகினார்களா?"

இல்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தீபா திரிபுரா மாநிலம் அகர்தலாவில் 1993 ஆகஸ்ட் 9 அன்று பிறந்தவர். அப்பா துலால் கர்மாகர் பளுதூக்குதல் பயிற்சியாளர். மகளை ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்தவர் அவரே. முதலில் சோமா நந்தியும் பிறகு அவர் கணவர் பிஸ்வேஸ்வர் நந்தியும் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே வால்ட் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டிக் குதிக்கும் பிரிவு) பழக முறையான சாதனம் இல்லாத காலத்தில், பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு ஒப்பேற்றிய சாதனத்தில்தான் இந்தச் சிறுமி ஓடிவந்து குதித்திருக்கிறாள். போதாததற்குத் தட்டைப் பாதம். நம் உள்ளங்காலின் நடுவில் இருக்கும் வளைவுதான் குதிக்கும்போதும் இறங்கும்போதும் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அந்த வளைவு இல்லாத பிள்ளைக்கு ஓட்டத்திலும் எம்பலிலும் விசை குறையும், இறங்கும்போது அதிர்ச்சி கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும். இதைச் சரிக்கட்ட பிஸ்வேஸ்வர் நந்தி வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

எங்கள் பிள்ளைகளிலும் ஒருத்திக்குத் தட்டைப் பாதம். ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். மற்றவர்களின் தடத்தில் உள்பக்கம் பிறை மாதிரி ஒரு வெற்றிடம் இருக்கும். அவள் தடம் முழுச் செங்கல்லைப் பதித்த மாதிரி இருக்கும். "உனக்கெல்லாம் இது சரிவராது" என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் தீபாவின் படத்தைக் காட்டினேன். அதன் பிறகு அவள் ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை.

இனி பாய். ஊதினால் பலூன் மாதிரி உப்பாமல் பலகை மாதிரி தட்டையாக நிற்பதுதான் இதன் சூட்சுமம். மேல் துணியையும் கீழ்த் துணியையும் உள்ளுக்குள் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. காற்று ஏற ஏற அந்த நூல்கள் விறைத்துக்கொள்ளும், பாய் இறுகும். கூடவே வரும் மின்பம்பில் நான்கைந்து நிமிடத்தில் நிரம்பிவிடுகிறது. மின்சாரம் இல்லாத நாளில் கைப்பம்பில் அடித்துப் பார்த்தேன், ஒருத்தி மாற்றி ஒருத்தியாக இருபது நிமிடம் ஆனது. சுருட்டினால் ஒரு பெரிய தலையணை அளவு. பொருள்கள் வைக்கும் அறையில் அலமாரிக்கு மேல் வைத்துவிடலாம். கூடம் இல்லாத பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது கூடம் இருப்பவர்களுக்குப் புரியாது.

காற்றின் அளவு மிக முக்கியம். விற்பவர் தந்த தாளில் அழுத்தத்தின் உச்ச எண் மட்டும்தான் இருக்கிறது, பிள்ளைக்கு ஏற்ற எண் இல்லை. நான் அனுபவத்தில் கண்டது இது. சின்னப் பிள்ளைகளுக்கு, கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழியும் அளவு போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இறுக்கமாக அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குதிகால் பாயை அமுக்கிக்கொண்டு போய்த் தரையிலேயே இடிக்கும். வாங்கிய முதல் வாரமே பாய் ஓரத்தில் குப்புறப் படுத்து, பிள்ளைகள் குதிக்கும்போது கீழ்த் துணி தரையோடு ஒட்டுகிறதா என்று பக்கவாட்டில் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். எடை கூடிய பிள்ளைகளுக்குப் பத்து சென்டிமீட்டர் கனம் போதாது, இருபது வாங்குங்கள்.

கற்றுக்கொள்வதில் இது செய்யும் உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பின்பக்கம் சாய்ந்து, கைகளை ஊன்றி, புரண்டு எழுவதைப் பிள்ளைகள் ஃபிளிக் என்பார்கள். அதில் கடினமானது உடம்பின் வேலை அல்ல, பயம். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாய்வதற்கு மனம் ஒப்பாது. பாதியில் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், கை மடங்கும், தலை இடிக்கும். மணல் குழியில் அந்தப் பயத்தைப் போக்க எனக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கிறது. இந்தப் பாயில் ஏழு பிள்ளைகள் மூன்று மாதத்தில் ஃபிளிக் போட்டுவிட்டார்கள். கை ஊன்றியதும் பாய் தானே மேலே தள்ளிவிடுகிறது, மணிக்கட்டும் நோகவில்லை. 'டப்' என்று கை, 'டப்' என்று கால். அந்த இரண்டு சத்தங்களுக்கும் இடையிலான இடைவெளியை வைத்தே, பார்க்காமலேயே, யார் சரியாகப் போட்டார்கள் என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

ஆறு மீட்டர் பாய் ஏன் வாங்கவில்லை என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். அதற்கும் தீபாவின் கதையில்தான் பதில் இருக்கிறது. ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு தீபாவுக்கு ஒரு பி.எம்.டபிள்யூ கார் பரிசாகக் கிடைத்தது, சச்சின் டெண்டுல்கர் கையால் சாவி வாங்கினார். அகர்தலா சாலைகளில் அந்தக் காரை ஓட்டவும் பராமரிக்கவும் வழியில்லை என்று அவர் குடும்பம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊருக்கு ஏற்ற வேறு கார் வாங்கிக்கொண்டது. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும். எங்களிடம் நிழலுள்ள இடம் என்று இருப்பது வகுப்பறைகளுக்கு முன்னால் உள்ள தாழ்வாரம் மட்டும்தான், அதில் ஆறு மீட்டரை விரித்தால் ஓடிவர இடமே இருக்காது. வெயிலில் விரிக்கவும் முடியாது. சூடேறினால் உள்ளே காற்று விரிந்து தையலும் ஒட்டும் திறந்துவிடும். உங்கள் இடத்தை முதலில் நாடாவால் அளந்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பாயில் இரண்டு மாதம் பழகிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, விளையாட்டு விழா ஒத்திகைக்காகத் திடலில், பாயில் பழகிய ரவுண்ட் ஆஃபை (பக்கவாட்டில் கை ஊன்றிச் சுழன்று, இரண்டு காலையும் சேர்த்து இறங்குவது) அப்படியே போட்டாள். பாயில் எழும்பும் உயரம் தரையிலும் கிடைக்கும் என்று அவள் உடம்பு நம்பியிருந்தது. தரை அவளைத் தள்ளிவிடவில்லை. காலை ஊன்ற வேண்டிய நேரத்தில் அவள் இன்னும் மடங்கிய நிலையில் இருந்தாள். முழங்கால் இரண்டும் செம்மண்ணில் உராய்ந்து சிராய்த்தன, வலது கணுக்கால் பிசகியது. மூன்று வாரம் அவள் திடலோரம் உட்கார்ந்திருந்தாள். தவறு என்னுடையது. மெத்தென்ற இடத்தில் கற்றுக்கொண்டதைக் கெட்டியான இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாய் தந்த வேகத்தில் அதை நான் தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஸ்பாஞ்சு மெத்தைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஸ்பாஞ்சு, விழுகிற வேகத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்று அதைத் திருப்பித் தரும். எழும்ப வேண்டிய பிள்ளைக்குக் காற்று நல்லது. நிற்க வேண்டிய பிள்ளைக்கு அது பகை. மேலேயிருந்து குதித்து இந்தப் பாயில் இறங்கினால் கால் நிலைத்து நிற்காது, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகத் துள்ளும். ஒற்றைக் காலில் பாரம் இறங்கினால் கணுக்கால் பக்கவாட்டில் சாயும். விளம்பரத்தில் சுவர் மேலிருந்து ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே இதில் குதிக்கிறான். அந்தப் படத்தை அவர்கள் எடுத்துவிட வேண்டும் என்று விற்பவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

ஜிம்னாஸ்டிக்ஸில் எல்லாம் கடைசியில் இறங்குவதில்தான் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல 2016 ஆகஸ்ட் 14 இரவைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

ஒலிம்பிக்ஸில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட் தீபா. அதற்கு முன் இந்தியாவிலிருந்து ஒரு ஜிம்னாஸ்ட் ஒலிம்பிக்ஸுக்குப் போனது 1964இல். ரியோவில் தகுதிச் சுற்றில் எட்டாவதாக வந்து, எட்டே பேருக்கு இடமுள்ள வால்ட் இறுதிக்குள் நுழைந்தார். இந்திய நேரப்படி அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பள்ளியில் சுதந்திர தினக் கொடியேற்றம், பிள்ளைகளின் அணிவகுப்பு என் பொறுப்பு. ஆனாலும் தூங்கவில்லை. முதல் குதிப்பில் 14.866 புள்ளிகள். அடுத்தது புரோடுனோவா.

அதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வேகமாக ஓடிவர வேண்டும். ஸ்பிரிங் போர்டில் எம்பி, 125 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையில் தலைகீழாகக் கைகளை ஊன்றித் தள்ளி, அந்தரத்தில் இரண்டு முன்கரணம் போட்டுக் காலில் இறங்க வேண்டும். பின்கரணத்தில் இறங்குவதற்கு முன்னால் தரை கண்ணுக்குத் தெரியும். முன்கரணத்தில் தெரியாது. உடம்பை எப்போது விரிப்பது என்பதை உள்ளுணர்வுதான் சொல்ல வேண்டும். சற்று முந்தி விரித்தாலும் பிந்தி விரித்தாலும் கழுத்து, முதுகு, முழங்கால் எதுவும் போகலாம். ரஷ்யாவின் யெலெனா புரோடுனோவா 1999இல் செய்துகாட்டியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அன்றைய விதிப்படி அதன் கடினத்துக்கு மட்டும் 7.0 புள்ளிகள். உலகத்தில் இதை ஒழுங்காகச் செய்து முடித்த பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதே இறுதிப் போட்டியில் 41 வயது ஒக்சானா சுசோவிதினாவும் இதையே முயன்றார். காலில் இறங்கியும் வேகத்தை அடக்க முடியாமல் முன்னால் உருண்டுபோனார். எனக்கு அவர் மேலும் மிகுந்த மரியாதை உண்டு.

தீபா இறங்கிய விதத்தைக் கைப்பேசியில் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டாம் கரணம் முடிந்து கால் மெத்தையைத் தொடுகிறது. இரண்டு பாதமும் ஒன்றாக, பக்கம் பக்கமாக. விசை அவரைக் கீழே அமுக்குகிறது. முழங்கால் மடங்குகிறது, இன்னும் மடங்குகிறது, இடுப்பு தாழ்ந்து தாழ்ந்து ஏறக்குறைய மெத்தையில் உட்காரும் அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தி, "என்ன தெரிகிறது?" என்று பிள்ளைகளைக் கேட்பேன். தொடையைப் பார்ப்பார்கள். கைகள் முன்னால் நீண்டிருப்பதைப் பார்ப்பார்கள். பிறகு ஓடவிட்டால் அந்தப் பள்ளத்திலிருந்து அவர் எழுந்து நிற்கிறார். 15.266.

இரண்டையும் சேர்த்துச் சராசரி 15.066. சிமோன் பைல்ஸ் 15.966 எடுத்துத் தங்கம், மரியா பசேகா 15.253 எடுத்து வெள்ளி, கியூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216 எடுத்து வெண்கலம். தீபா நான்காவது. இடைவெளி 0.150. அவ்வளவு ஆழமாக மடங்காமல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து இறங்கியிருந்தால் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கொடிக்கு முன்னால் அணிவகுத்து நின்ற பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொன்னபோது என் குரல் உடைந்தது. பதக்கம் வாங்காத ஒருவருக்காக எங்கள் பள்ளி முழுவதும் கைதட்டியது அன்றைக்குத்தான்.

படிப்பு கெடும் என்று விளையாட்டை நிறுத்தச் சொல்ல வரும் பெற்றோரிடமும் அவரைத்தான் காட்டுவேன். ரியோவிலிருந்து திரும்பிய கையோடு அவர் போய் எழுதியது அரசியல் அறிவியல் முதுகலைத் தேர்வு.

அந்த முழங்கால்தான் பிறகு அவரைப் படுத்தியது. 2017இல் மூட்டு இணைப்பு நாரில் அறுவைச் சிகிச்சை. ஓராண்டுக்கு மேல் போட்டியே இல்லை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகச் சவால் கோப்பையில் திரும்பி வந்து வால்டில் தங்கம் வென்றார், உலக அளவிலான ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அது. அதே ஆண்டு ஜெர்மனியின் காட்பஸில் வெண்கலம். 2019இல் பாகுவில் மறுபடியும் முழங்கால் விட்டுக்கொடுத்தது. பாய் விற்பவர்கள் 'மூட்டுக்கு முழுப் பாதுகாப்பு' என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வருடங்கள்தான் ஞாபகம் வரும். எந்தப் பாயாலும் அப்படி உறுதி சொல்ல முடியாது. ஒரு நாளில் எத்தனை முறை இறங்குவது என்பதற்கு எண்ணிக்கை வைத்து, அது முடிந்ததும் பிள்ளை கெஞ்சினாலும் நிறுத்துவதுதான் நான் அறிந்த பாதுகாப்பு.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். பாய் வாங்கும் பக்கத்திலேயே 'இதையும் சேர்த்து வாங்குங்கள்' என்று சத்து மாவுகளும் சக்தி மாத்திரைகளும் வரிசையாக வருகின்றன. பெற்றோர் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு டப்பா வாங்கியும் கொடுத்துவிட்டார். நான் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். 2021 அக்டோபரில் ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தீபாவிடம் எடுத்த மாதிரியில் ஹைஜெனமைன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. தெரியாமல் உட்கொண்டுவிட்டதாக அவர் சொன்னார். 21 மாதத் தடை, 2023 ஜூலை 10இல்தான் முடிந்தது. இந்தப் பொருள் சில செடிகளில் இயற்கையாகவே இருப்பது, சத்துப் பொடிகளிலும் கலந்து வருவது. உறையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வளரும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலையும் முட்டையும் போதும்.

இனி குறைகள். ஐந்தாம் மாதம் பாய் மாலைக்குள் தளர ஆரம்பித்தது. காலையில் கல் மாதிரி இருக்கும், நாலரை மணிக்குத் தொட்டால் குழையும். ஓராண்டு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். புகைப்படம் கேட்டார்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். அப்புறம் 'கூர்மையான பொருள் பட்டிருந்தால் உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு வரி பதில் வந்தது. எங்கே பட்டிருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஒரு பள்ளிக்கு விற்றுவிட்டு இப்படி நடந்துகொள்வது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசியில் பள்ளி வாசலில் இருக்கும் சைக்கிள் பஞ்சர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் பாயைக் காற்றடித்துக் கிடத்தி, சோப்பு நுரையைத் துணியால் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் தடவினார். அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடுப்பகுதியில், மேல்பக்கத்தில், கடுகு அளவில் ஒரு குமிழி மெல்லப் பெருத்து உடைந்தது. இன்னொன்று வந்தது. "ஊசிக் குத்து, டீச்சர்" என்றார். என் பிள்ளைகள் கொலுசைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். ஆனால் தாவணியும் பாவாடையும் நழுவாமல் இருக்க ஊக்குக் குத்தியிருப்பதை நான் கவனிக்கவில்லை. அந்த ஊக்கு ஒன்றுதான் திறந்துகொண்டு பாயில் இறங்கியிருக்கிறது. அப்படியானால் விற்பவர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சரியாகவே இருக்கட்டும். இடத்தைக் கண்டுபிடித்து, ஒட்டும் வழியைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் அல்லவா?

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படும்: "ட்யூபுக்குப் போடும் ரப்பர் பசை இதில் பிடிக்காது. இது பி.வி.சி. துணி. பி.வி.சி. பசையை வாங்கி, இரண்டு பக்கமும் தடவி, கை வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்ததும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்துவிட வேண்டும்." பாயோடு வந்த சிறு பெட்டியில் ஒட்டுத் துண்டுகள் இருந்தன, பசை இல்லை. ரெக்சின் தைக்கும் கடையில் பசை கிடைத்தது. ஒட்டியது ஒன்பது மாதமாக நிற்கிறது. காசு வாங்க மறுத்துவிட்டார். பழைய ஸ்கூட்டர் பாகங்களை எடுத்து ஒரு சிறுமி குதிப்பதற்கு ஏற்ற சாதனமாக மாற்றிய அகர்தலாவின் கைகளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர் பாய்க்கு மேல் செங்கல் அடுக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பயிற்சிக்கு முன் எல்லோரும் ஊக்குகளைக் கழற்றி ஒரு டிபன் பாக்ஸில் போட வேண்டும், எண்ணிய பிறகுதான் பாய் விரியும். அடியில் பழைய தார்ப்பாய் போடுகிறோம், மண்ணில் இருக்கும் கூர்ங்கல் குத்தாமல் இருக்கும், வழுக்குவதும் குறையும். வியர்வையில் மேல்பக்கம் வழுக்கும், ஈரத் துணியால் துடைத்து உலரவிட வேண்டும். நிறம் வெளுத்திருக்கிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. பம்பின் சத்தம் அதிகம், தேர்வு நேரத்தில் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல்.

வாங்குபவர்களுக்கு என் கணக்கு இது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பொருள்தான் வாங்க முடியும், பிள்ளைகள் இப்போதுதான் கரணம் பழகத் தொடங்குகிறார்கள் என்றால் இந்தப் பாயை வாங்குங்கள். மேசை, உத்தரம், கம்பி என்று உயரத்துக்குப் போகப்போகிறீர்கள் என்றால் முதலில் கனமான ஸ்பாஞ்சு மெத்தை, பிறகுதான் இது. நான் அடுத்து வாங்கப்போவதும் அந்த மெத்தைதான். விலை இதைவிட அதிகம். முன்னாள் மாணவிகள் இரண்டு பேர் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

2024 மே மாதம் தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தீபா வால்டில் 13.566 எடுத்துத் தங்கம் வென்றார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கிய முதல் இந்திய ஜிம்னாஸ்ட். அப்போது அவருக்கு வயது 30. அறுவைச் சிகிச்சை, தடை எல்லாவற்றையும் கடந்து வந்த வயது. அந்தச் செய்தி வந்தபோது கோடை விடுமுறை. தட்டைப் பாதப் பிள்ளை தன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்து, "டீச்சர், பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டாள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று தீபா ஓய்வு அறிவித்தார்.

பாயைச் சுருட்டி வைத்த பிறகு எங்களுக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. தாழ்வாரத்தின் கீழ்ப்படியிலிருந்து வெறும் மண்ணில் மூன்றே மூன்று முறை இறங்குவது. தரையில் சுண்ணாம்பால் இரண்டு பாதங்கள் வரைந்திருக்கிறேன். அதற்குள் இறங்கி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கால் நகர்ந்தால் எண்ணிக்கை செல்லாது. போன வாரம் தட்டைப் பாதப் பிள்ளை இறங்கியபோது முழங்கால் அதிகமாகவே மடங்கிவிட்டது, இடுப்பு தாழ்ந்துகொண்டே போனது. சுற்றி நின்றவர்கள் "போச்சு" என்றார்கள். அவள் பாதம் கோட்டுக்குள்ளேயே இருந்தது. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல எழுந்தாள்.

"உட்காரவில்லையே, டீச்சர்?"

"இல்லை. எண்ணுங்கள்" என்றேன். பதின்மூன்று பேரும் எண்ணினார்கள்.